அந்த ஆமை நம்ம கொரங்காட்டு ஆமைங்க

பொங்கலூர் பயணி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சன்டைசரா இருக்கறேன். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை வெளியூரு, வெளிநாடுன்னு போக வேண்டி வரும். போற ஊர்ல அரை நாள் மிஞ்சுனா கூட வர்றவங்க மாலுக்குப் போவாங்க, நான் அந்த ஊர் உயிரியல் பூங்காவுக்குப் போயிருவேன். புலி, யானை எல்லாம் பார்த்து முடிச்சு ஊர்வன இருக்கற பக்கம் வந்துட்டா எனக்கு நேரம் போறதே தெரியாது. அதுலயும் ஆமை முன்னால நின்னா அவ்வளவுதான்.

போன தடவை சிங்கப்பூர்ல ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ள மணல், ஓரத்துல சூடு குடுக்கற விளக்கு. கறுத்த ஓடு, ஒவ்வொரு மேட்டுல இருந்தும் வெயில் கதிர் மாதிரி மஞ்சக்கோடு பிரியுது. பலகையில இந்திய நட்சத்திர ஆமைன்னு போட்டு, இந்தியா, இலங்கைப் பக்கம் வறண்ட புதர்க்காட்டுல இருக்கும்னு எழுதியிருந்தாங்க. பக்கத்துல நின்ன குடும்பம் ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துருச்சு. எனக்குக் கால் நகரல.

எங்க அப்புச்சிக்கு, அம்மாவோட அப்பாவுக்கு, வெள்ளகோயில் பக்கம் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருந்துச்சுங்க. நான் ஆறாவது படிக்கறப்ப, ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில கிளுவை வேலிக்கு அடியில இதே ஆமை கொழுக்கட்டைப்புல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஓடிப்போய் எடுக்கப் பார்த்தேன். "தொடாத கண்ணு, அது பாட்டுக்குப் போவட்டும்"னு அப்புச்சி கையைப் புடிச்சு நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் காட்டுல நான் ஆமையைப் பார்க்கவே இல்லை. முப்பது வருசம் கழிச்சு, கடல் தாண்டிப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கறேன்.

நீங்க போன ஊர்ல ஆமையை எங்கெங்க பார்த்தீங்க, எப்படி வெச்சிருந்தாங்க? சும்மா பார்த்துட்டு வந்த கதையா இருந்தாலும் எழுதுங்க.

ஈரோட்டு வண்டிக்காரன்:
நான் டூரிஸ்ட் வேன் ஓட்டறேனுங்க. இருபது வருசமா மைசூர், திருச்சூர், திருவனந்தபுரம், வண்டலூர்னு எல்லா ஜூவுக்கும் ஆள் கொண்டு போய் இறக்கியிருக்கேன். ஆமைக்கூண்டு முன்னால ஒரு ஆள் ஒரு நிமிசம் நின்னா அதிசயம். "இது அசையவே இல்லை, கல்லா உசுரா"ன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க.

அவங்க போற நேரம் அப்படிங்க. நம்ம ஆளுங்க சத்தியமங்கலத்துல டிபன் சாப்பிட்டு, திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர்ல டீ குடிச்சு, மைசூர் போய்ச் சேர மத்தியானம் ஆயிரும். உச்சி வெயில்ல ஆமை நிழல்ல ஒடுங்கிக்கும். நான் இப்ப சொல்றது, முதல் நாள் ராத்திரியே போய்த் தங்கிருங்க, கேட்டு தொறந்ததும் உள்ள போங்க. காலையில ஆமை நடக்கும், கழுத்தை நீட்டும், தழை கடிக்கும். ஒரு தடவை சேலத்துக் குழந்தைங்க நாப்பது பேரை அப்படிக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ஆமை செம்பருத்திப் பூவைத் தின்னு முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் நகரல.

இன்னொண்ணு, மைசூர் ஜூ செவ்வாய்க்கிழமை லீவு. வண்டலூரும் செவ்வாய் லீவுதான். அது தெரியாம அவ்வளவு தூரம் வந்து கேட்டு முன்னால நின்ன குடும்பத்தை நான் நெறைய பார்த்திருக்கேன்.

நாமக்கல் கால்நடை மாணவி:
நான் கால்நடை மருத்துவம் நாலாவது வருசம். எங்க போனாலும் ஆமைக்கூண்டை ஒரு நோயாளியைப் பார்க்கற மாதிரிதான் பார்ப்பேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல தரை. சிமெண்ட், டைல்ஸ் மேல விட்டிருந்தா பார்த்த உடனே தெரியும், கால் வழுக்கி அகலும், அடி ஓடு தேஞ்சிருக்கும். மண்ணு, புல்லு, ஏறி இறங்க ஒரு மேடு, ஆமை உள்ள இறங்கி ஏறற ஆழத்துல தண்ணித்தட்டு, ஒளிஞ்சுக்க ஒரு எடம், இது இருந்தா நல்ல கூண்டு. ஆமை ஒளிஞ்சுக்கிட்டுத் தெரியலைன்னா பார்க்க வந்தவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும், ஆனா அதுக்கு அந்த மறைவு வேணும்.

அப்புறம் விளக்கு. கட்டடத்துக்குள்ள வெச்சா சூட்டு விளக்கு மட்டும் பத்தாது, புற ஊதாக்கதிர் விளக்கும் வேணும். அது இல்லாட்டி வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்துனு ஆயிரும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. விளக்கு பார்வைக்கு நல்லாவே எரியும், ஆனா மாசக்கணக்குல புற ஊதாக்கதிர் குறைஞ்சுக்கிட்டே வரும். மாத்தற தேதியை எழுதி வெச்சிருக்கற எடத்தை நான் மதிப்பேன்.

தீனியும் அப்படித்தான். நட்சத்திர ஆமைக்கு புல்லு, தழை, பூ, சப்பாத்திக்கள்ளி இதெல்லாம் உகந்தது. தக்காளியும் வெள்ளரிக்காயும் மட்டும் தட்டுல கெடந்தா மனசு கேக்காது.

ஓடு ஒரு பெட்டி, ஆமை அதுக்குள்ள குடியிருக்குன்னு நெனைக்கறவங்க நெறைய பேர். ஓடுங்கறது அதோட முதுகெலும்பும் விலாவும் சேர்ந்து ஆன எலும்பு. மேல தட்டுனா, கீறுனா அதுக்குத் தெரியும். ஓட்டு வளையத்தை எண்ணி வயசு சொல்றதும் தப்பு. நல்ல மழை, தீனி இருக்கற வருசம் ஒண்ணுக்கு மேலயும் வளையம் விழும், வயசாக வயசாக தேஞ்சும் போகும்.

கோபி அம்மா:
எம் பையனுக்கு ஏழு வயசுங்க. ஒரு மலை ஊர்ல தனியார் ஆளுங்க நடத்தற சின்ன விலங்குக் காட்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு ஆமை மேல குழந்தைகளை உக்கார வெச்சு போட்டோ எடுத்து, ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கறாங்க. எம் பையனும் கேட்டான். நான் மாட்டேன்னுட்டேன், அழுதான். அந்த ஆமை கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டுச் சீறுன சத்தம் இன்னும் காதுல இருக்குது. மேல எழுதுன பொண்ணு சொன்னதைப் படிச்சப்புறம், மாட்டேன்னது நல்லதாப் போச்சுன்னு இருக்குது.

எங்கூட்டுல மாமியார் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு சொல்லுவாங்க. அதே மாமியார் வரவேற்பறையில தண்ணித் தட்டுல பித்தளை ஆமை வெச்சிருக்காங்க, அதிர்ஷ்டமாம். உசுரோட வந்தா கேடு, பித்தளையில வந்தா யோகமான்னு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியல.

சந்தேகம் ஒண்ணு. கடையில வாங்குன குட்டி ஆமை, பச்சை நிறம், கண்ணுக்குப் பின்னால செவப்புக் கோடு, இப்ப சாப்பாட்டுத் தட்டு அளவு வளர்ந்துருச்சு. ஏதாவது ஜூக் குளத்துலயோ ஏரியிலயோ விட்டரலாமா?

நாமக்கல் கால்நடை மாணவி:
வேண்டாங்க அக்கா. அது அமெரிக்காவோட செங்காது ஆமை. நம்ம குளத்துல விட்டா நம்ம ஊர் குளத்தாமை, பாலாமை எல்லாத்துக்கும் தீனியிலயும் வெயில் காயற எடத்துலயும் போட்டியாயிரும். சீக்கும் பரவும். பல ஊர்ப் பூங்காவுல ஆளில்லாத நேரம் பார்த்து இப்படித்தான் விட்டுட்டுப் போறாங்க. வீட்டுலயே பெரிய தொட்டியில, வெயில் படற மாதிரி, ஏறி உக்கார ஒரு கல்லு போட்டு வெச்சுக்கோங்க. இருபது முப்பது வருசம் வாழும். தொட்டப்புறம் பையன் சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஆமை மேல சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

பவானி ஆசிரியர் (ஓய்வு):
இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. 1994-ல் காசி யாத்திரையின் வழியில் கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் அத்வைதா என்ற பேராமையைப் பார்த்தேன். இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா தீவின் இனம். ராபர்ட் கிளைவ் வளர்த்ததாகவும், வயது இருநூற்றைம்பதை நெருங்கும் என்றும் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பூங்கா 1876-ல் திறக்கப்பட்டது, அதன் முதல் ஆண்டுகளிலிருந்தே அத்வைதா அங்கே இருந்தது. 2006 மார்ச்சில் அது இறந்த செய்தியைப் படித்த அன்று, யாத்திரைக்கு வந்திருந்த நண்பர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

கிளைவ் கதை எப்படியோ போகட்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்பாளர்கள் மாறியும், அந்த உயிருக்குத் தினமும் யாரோ ஒருவர் தீனி வைத்திருக்கிறார்கள். என்னை நிறுத்தி வைத்தது அதுதான்.

அல்டாப்ரா இனத்தைப் பார்க்க இன்று கொல்கத்தா போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் பார்க்கலாம். உடுமலை அருகே அமராவதி அணையிலும் ஒரு முதலைப் பண்ணை உண்டு. அங்கே முதலைதான், ஆமையை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பீளமேடு பேட்டர்ன் கடை:
நான் பம்ப் வார்ப்புக்கு மர பேட்டர்ன் செய்யறவன். ஜூவுல நட்சத்திர ஆமையைப் பார்த்தா என் கண்ணு அதோட வளைவுக்குத்தான் போகும். கவுந்துட்டா தானே நிமிரறதுக்குன்னே செஞ்ச வடிவமுங்க அது. ஹங்கேரிக் கணித அறிஞர் ரெண்டு பேர், காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கோனி, 2006-ல கோம்போட்ஸ்னு ஒரு உருவம் செஞ்சாங்க. உள்ள எடை எதுவும் வைக்காம, எப்படிப் போட்டாலும் ஒரே நிலையில வந்து உக்காரும். நம்ம தஞ்சாவூர் பொம்மைக்கு அடியில பாரம் இருக்கு, இதுக்கு எதுவும் இல்லை, வடிவம் மட்டும்தான். அப்புறம் அவங்க ஆமைகளை அளந்து பார்த்தா நம்ம நட்சத்திர ஆமையோட ஓடு கிட்டத்தட்ட அந்த உருவம்!

அந்த உருவத்தை மரத்துல கடையறது எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியும். இழைப்புல துளி பிசகுனா வேலை செய்யாது. நம்ம வேலிக்கடியில மேஞ்ச உசுரு அதைச் சுமந்துக்கிட்டு நடந்திருக்குது.

ஹூஸ்டன் பழனியம்மா பேத்தி:
சொந்த ஊர் மூலனூர், இப்ப டெக்சஸ்ல இருக்கறோம். ஹூஸ்டன் ஜூவுல கதிர் ஆமைன்னு மடகாஸ்கர்ல இருந்து வந்த ஒண்ணு இருக்குங்க. ஓட்டுல அதே மாதிரி மஞ்சக்கதிர். முதல் தடவை பார்த்தப்ப நம்மூரு ஆமைன்னே நெனைச்சு வீட்டுக்காரரைக் கூப்புட்டுக் காமிச்சேன். அழியற நிலையில இருக்கற இனம். அங்க இருக்கற 90 வயசு ஆண் ஆமைக்கு 2023-ல மூணு குஞ்சு பொறந்துச்சு. பெட்டை முட்டை வெச்ச நேரத்துல பராமரிப்பாளர் ஒருத்தர் தற்செயலாப் பார்த்து, ஹூஸ்டன் மண்ணுல பொரிக்காதுன்னு உடனே எடுத்து உள்ள பாதுகாப்பா வெச்சாங்களாம். நான் குழந்தைங்களோட போய் அந்த அப்பா ஆமையைப் பார்த்துட்டு வந்தேன். தொண்ணூறு வயசுல அப்பா ஆன ஆமைன்னு எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா.

தாராபுரத்துக் குரல்:
எல்லாரும் ஜூவைப் புகழறீங்க, எனக்கு ஒப்பலைங்க. நாள் முழுக்க நடந்து மேயற உசுரை நாலு அடி கண்ணாடிக்குள்ள வெச்சு, காசு கொடுத்துப் பார்க்கறது என்ன நியாயம்? கோவை வ.உ.சி. பூங்காவோட அங்கீகாரத்தை 2022-ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து பண்ணிருச்சு. இருந்த உசுருகளை வேற எடத்துக்கு மாத்த வேண்டியதாச்சு. எடம் பத்தாத கூண்டை நியாயப்படுத்த முடியாது. நான் பிள்ளைங்களை ஜூவுக்குக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டேன்.

பவானி ஆசிரியர் (ஓய்வு):
தாராபுரத்துக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கலாபகஸ் தீவுகளில் எஸ்பனோலா என்ற தீவில் 1960-களில் 14 ஆமைகளே மிஞ்சின. 12 பெண், 2 ஆண். அமெரிக்காவின் சான் டியாகோ பூங்காவில் பல பத்தாண்டுகள் இருந்த அதே இனத்து ஆண் ஆமை ஒன்றை 1977-ல் இனப்பெருக்கத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். டியேகோ என்று பெயர். அந்தத் தீவில் பிறகு விடப்பட்ட ஏறத்தாழ 2,000 ஆமைகளில் நாற்பது விழுக்காடு அதன் வழி வந்தவை. 2020 ஜூனில் டியேகோவையே தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பூங்காவில் பிழைத்திருந்த அந்த ஒன்று, தீவில் இனம் மீளப் பெரிதும் உதவியது. அதே தீவுக்கூட்டத்தில் உள்ள பிண்டா தீவின் இனத்துக்கு அப்படி ஒரு துணை எங்குமே கிடைக்கவில்லை. கடைசி ஆண் ஆமை 2012 ஜூனில் இறந்தது, அதோடு முடிந்தது.

வால்பாறை மழை:
என் பக்கத்துல இருந்து கொஞ்சம். பூங்காவுல காமிக்கறது பெரும்பாலும் நட்சத்திர ஆமையும் பேராமையும்தான். எங்க மலைக்காட்டுல திருவிதாங்கூர் ஆமைன்னு ஒண்ணு இருக்குங்க, பழுப்பு மஞ்சள் ஓடு, இணை சேர்ற காலத்துல கண்ணும் மூக்கும் செவந்துக்கும். காட்டுல இருக்கறவங்களைத் தவிர யாரும் பேசறதில்லை.

அதைவிட அரிய ஒண்ணு பிரம்பு ஆமை. 1912-ல அறிவியல் உலகம் பேர் வெச்ச பிறகு எழுபது வருசம் யார் கண்ணுலயும் படல. 1982-ல ஜெ. விஜயாங்கற இளம் பெண் கேரளாவுல சாலக்குடிக் காட்டுல தங்கிக் கண்டுபுடிச்சாங்க. சென்னை முதலைப் பண்ணையில வேலை செஞ்சவங்க. இந்தியாவோட முதல் பெண் ஊர்வன ஆய்வாளர். 1987-ல இளம் வயசுலயே போயிட்டாங்க. 2006-ல அந்த ஆமையோட பேரினத்துக்கு விஜயாச்சேலிஸ்னு அவங்க பேரையே வெச்சாங்க. எந்த ஊர்ப் பூங்காவுலயாவது ஆமைக்கூண்டுப் பக்கம் இந்தப் பெண்ணோட படம் ஒண்ணு வெச்சா, வர்ற பொண்ணுங்க அங்க நின்னு படிப்பாங்க. இதை எழுத்துல கேட்டுக் கடுதாசி போட்டிருக்கேன், மறுபடியும் போடுவேன்.

கோபி அம்மா:
விஜயா பத்தி இப்பத்தான் கேள்விப்படறேன். பையனுக்குப் படிச்சுக் காமிச்சேன். அந்த அக்கா ராத்திரி காட்டுல பயந்துக்கலையான்னு கேட்டான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஜூக் குளத்துல ஆமை மேல காசு போடறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. தாய்லாந்துல ஒரு கடலாமை அப்படிப் போட்ட காசை முழுங்கி, 2017-ல வயித்துல இருந்து 915 காசை எடுத்தாங்க. எடுத்தும் பிழைக்கல.

இட்டேரி:
காங்கயம் பக்கம் விவசாயமுங்க. இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டிருந்தேன், இப்பத்தான் எழுதத் தோணுது. பயணி அண்ணா, உங்க அப்புச்சி காட்டு ஆமை அங்க இருந்ததுக்குக் காரணம் வேலிங்க.

கொரங்காடுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிர்றேன். கொழுக்கட்டைப்புல்லு, ஊடால வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை உயிர்வேலி, உள்ள காங்கயம் மாடும் ஆடும் மேயும். உழவு இல்லை, மருந்து இல்லை. வேலிக்கும் வேலிக்கும் நடுவுல போற தடம்தான் இட்டேரி. மழை பெஞ்சா ஆமை பகல் பூராவும் நடமாடும், கோடையில காலை, பொழுதோட மட்டும் வெளிய வரும். கிளுவை வேருல ஒடுங்கும், அடியில குழி தோண்டி முட்டை வெக்கும். இப்ப காட்டை வித்து மனை போடறாங்க, இல்லாட்டி வேலியைப் புடுங்கிட்டுக் கம்பிவலை போடறாங்க. வலை தரையோட தரையா இருந்தா ஆமை அந்தப் பக்கம் போக முடியாது. வலை ஓரமா நடந்து நடந்து வெயில்ல செத்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

புடிச்சு விக்கறவங்களும் இருக்காங்க. வெளிநாட்டுல வளர்க்கறதுக்குன்னு பெட்டி பெட்டியாக் கடத்துனாங்க. அதனாலதான் 2019-ல உலக நாடுகள் ஜெனீவாவுல கூடி, நாடு விட்டு நாடு நட்சத்திர ஆமை வணிகத்துக்குத் தடை போட்டாங்க. நம்ம நாட்டுலயும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டுல வெக்கறதே குத்தம். "பார்த்தேன், எடுத்துட்டு வந்து தோட்டத்துல விட்டேன்"னு யாரும் சொல்லாதீங்க.

பொங்கலூர் பயணி:
இட்டேரி அண்ணா, இதைப் படிச்சதும் ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். சிங்கப்பூர்ல கடத்திப் புடிபட்ட 51 நட்சத்திர ஆமையை 2018-ல கர்நாடகாவுக்குத் திருப்பி அனுப்புனாங்கன்னு அங்க ஒருத்தர் சொன்னாரு. அப்ப நான் பார்த்ததுகூட அப்படி வந்ததா இருக்கலாமோன்னு ஒரு நெனைப்பு. திரும்பி வந்த ஆமையை எங்க விடுவாங்க?

வால்பாறை மழை:
உங்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு எடம் இருக்குங்க. உடுமலையில இருந்து மறையூர் போற ரோட்டுல சின்னாறு சரணாலயம். கேரளா எல்லைன்னாலும் மலை மறைவுல மழை குறைஞ்ச முள்ளுக்காடு. கடத்தல்ல மீட்ட நட்சத்திர ஆமைகளைப் பழக்கி அங்க விட்டாங்க.

நாமக்கல் கால்நடை மாணவி:
ஆனா மீட்ட உடனே காட்டுல விட்டர முடியாதுங்க அண்ணா. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து ஆமையும் நம்ம தெக்கத்தி ஆமையும் மரபுல வேற வேற. எங்க புடிச்சதுன்னு தெரியாம கலந்து விட்டா அதுவும் கெடுதல். பெட்டியில அடைச்சு வந்ததுல மூச்சுக்குழல் நோய் இருக்கும், மத்ததுக்கும் ஒட்டிக்கும். சோதிச்சு, தனியா வெச்சு, அப்புறம்தான். அந்தத் தனியா வெக்கற எடம் பல நேரம் ஒரு உயிரியல் பூங்காதான். தாராபுரத்து அண்ணா, நீங்க வெறுக்கற அந்தக் கூண்டுல சில ஆமைங்க வீடு திரும்பறதுக்குக் காத்துக்கிட்டு இருக்குது.

தாராபுரத்துக் குரல்:
அப்படி ஒண்ணு இருக்குன்னு நான் யோசிக்கலைம்மா. பலகையில அதை எழுதி வெச்சா நானும் நின்னு படிப்பேன். இது எங்க இருந்து வந்துச்சு, யார் புடிச்சது, எங்க போகப் போகுதுன்னு. சின்ன கூண்டைப் பத்தி நான் சொன்னதை மாத்திக்கல.

ஈரோட்டு வண்டிக்காரன்:
இது நல்ல யோசனைங்க. இனிமே வண்டியில வர்றவங்ககிட்ட நானே சொல்லிர்றேன், "நட்சத்திர ஆமை நம்ம ஊரு உசுரு, நின்னு பாருங்க"ன்னு.

பொங்கலூர் பயணி:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. இந்த இழையை எங்க மாமாகிட்ட ஒக்காந்து படிச்சுக் காமிச்சேன். அப்புச்சி காடு இப்ப அவர் பேர்ல இருக்குது. தெக்கு ஓரம் கிளுவை காஞ்சு போச்சுன்னு அந்தப் பக்கம் பூராவும் கம்பிவலை போட ஆளுகிட்டப் பேசி முடிச்சிருந்தாரு. படிச்சு முடிச்சதும் ஒண்ணும் பேசலைங்க. மறுநாள் காலையில போன் பண்ணி, "வலை வேண்டாம்னு சொல்லிட்டேன், ஆனா கிளுவைப் போத்துக்கு எங்கடா போறது, இப்ப எவன்கிட்ட இருக்குது"ன்னு கேட்டாரு. இட்டேரி அண்ணா, நீங்கதான் சொல்லணும். சுமார் நானூறு அடி நீளம்.

இட்டேரி:
என்கிட்டயே இருக்குதுங்க. கெட்டியான கிளையாப் பார்த்துப் போத்து வெட்டி, நிழல்ல கொஞ்ச நாள் போட்டு வெச்சு, மழைக்கு முந்தி நெருக்கமா நட்டரணும். முதல் வருசம் ஆடு கடிக்காமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மாமாவை டிராக்டர் கொண்டு வரச் சொல்லுங்க. காசு எல்லாம் வேண்டாம்.